ஏணிக்கும் வரி!

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான் என் மருமகன், தங்கையின் மகன். கப்பல் பழுது பார்க்கும் தளமொன்றில் பொறியாளன். தோவாளை வட்டத்தில் எங்கட்கு எஞ்சியிருக்கும் சிறு வயலைக் காண இருவரும் ஒரு மாலை சென்றோம். கும்பப்பூ நடவு முடிந்து, பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டியிருந்த வேளை. ஒருபுறம் மலைத்தொடர், காலடியில் கால்வாய் நீர், தலைக்கு மேலே கொக்குக் கூட்டம். நெடுநேரம் வரப்பில் வாய் பேசாது நின்றவன், திடுமெனக் கேட்டான்:

"மாமா, நான் பிழைக்கப் போயிருக்கிற ஊரிலே ஒரு பிடி நெல்லு விளையாது. குடிக்கிற தண்ணியிலே ஒரு பங்கு பக்கத்து நாட்டிலேருந்து குழாயிலே வருது. கடலைத் தூர்த்து நிலமாக்க மண்ணைக்கூட விலைக்கு வாங்குறாங்க. இங்கே மலை இருக்கு, மழை இருக்கு, ரெண்டு பூ விளையுது, கடலும் இருக்கு. பின்னே நான் ஏன் அங்கே போகணும்? அங்கே உள்ளவன் ஏன் இங்கே வரல்ல?"

பழைய நாளாயிருந்தால், நாஞ்சில் நாட்டு மாமன் தன் மருமகனுக்குச் சொத்தையே விட்டுச் செல்லக் கடன்பட்டவன். இந்நாளில் மறுமொழி ஒன்றே கடன். அதையும் அன்று நான் ஒழுங்காகச் செலுத்தவில்லை. இருட்டிவிட்டது, வீட்டிலே தேடுவார்கள் என்று கூறி அழைத்து வந்துவிட்டேன். பிறகு பல இரவுகள் எண்ணிப் பார்த்துத்தான் இதனை எழுதுகிறேன்.

இதே கேள்வியை, வேறு சொற்களில், சிறுவனாக இருந்தபோது என் பாட்டாவிடம் நான் கேட்டிருக்கிறேன். அறுவடைக் காலம். களத்தில் நெல் குன்றெனக் குவிந்து கிடந்தது. அறுத்தவர்கள், சூடடித்தவர்கள், சுமந்தவர்கள், தத்தம் கொத்தைத் துணியில் முடிந்துகொண்டு இருட்டில் சேரிக்கு நடந்தார்கள். குவியல் எங்கள் பத்தாயத்திற்கு வந்தது. "விளைவிச்சவங்க அவங்கதானே பாட்டா, அவங்க வீட்டிலே ஏன் பத்தாயம் இல்லே?" என்றேன். வெற்றிலையை மடித்தபடியே பாட்டா சொன்னார்: "அவனவன் வாங்கி வந்த வரம்லே."

வரம்! எத்துணைச் சிறிய சொல். எத்துணைப் பெரிய பூட்டு! கேள்வி கேட்கத் திறந்த வாய், அந்தச் சொல்லால் அடைக்கப்பட்டுவிடும். தனி மனிதன் ஏழையானால் தலைவிதி என்பர். ஒரு நாடே ஏழையானால் கலியுகம் என்பர். கற்றோரோ அதற்குக் கனமான சொற்களைத் தேடுவர். 1748-இல் தன் நூலை வெளியிட்ட மாந்தெஸ்கியூ என்ற பிரெஞ்சு அறிஞர், வெப்ப நாட்டு மக்கள் இயல்பிலேயே சோம்பலுடையோர் என்று எழுதினார். அவர் எங்களூர் நடவுப் பெண்களைக் கண்டவரல்லர். முழங்கால் சேற்றில், முதுகு வெயிலில், விடிந்தது முதல் பொழுது சாயும்வரை குனிந்தே நிற்கும் அவர்களைச் சோம்பேறிகள் எனச் சொல்ல, பாரிசு நகரத்து மெத்தை நாற்காலியிலிருந்து மட்டுமே முடியும்.

வேறொரு விடை உண்டு; அது என் இளமைக்கு மிகவும் பிடித்த விடை. அயலான் வந்தான், அள்ளிச் சென்றான், ஆகவே நாம் ஏழையானோம் என்பது. பொய்யன்று. கும்பெனியார் 1805-இல் செய்த உடன்படிக்கையின்படி, திருவிதாங்கூர் அரசு ஆண்டுதோறும் 8 இலட்சம் ரூபாய் அவர்கட்குச் செலுத்த வேண்டியதாயிற்று. இந்த மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி, அக்கும்பெனியை எதிர்த்து எழுந்து 1809-இல் மாண்டார். இந்தியாவின் செல்வம் கடல் கடந்து வடிவதைத் தாதாபாய் நவுரோஜி 1901-இல் பெருநூலாகவே எழுதி, கணக்குக் காட்டினார். அத்தனையும் உண்மை. ஆனால் அதையே முழு விடையாக ஏற்று, மேடைகளில் முழங்கி வந்த நான், ஒரு நாள் சில ஓலைகளின் செய்தியைப் படித்தேன். அன்றோடு என் முழக்கம் சற்றுத் தணிந்தது.

அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியாரின் ஓலைகள் அவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் ஆராய்ந்தவை. பிற்காலத்தில் நூலாகவும் அச்சேறியவை. அவற்றிலே நில விற்பனை உண்டு, நீர்ப் பங்கீடு உண்டு, வரிக் கணக்கு உண்டு; அவற்றோடு ஒன்றாக, மனிதரை விற்ற ஓலையும் உண்டு. நிலத்தை விற்பது போலவே ஆளையும் விற்றிருக்கிறார்கள், ஒற்றி வைத்திருக்கிறார்கள். வாங்கியவனும் தமிழன், விற்றவனும் தமிழன், விற்கப்பட்டவனும் தமிழன்! இதிலே எந்தக் கும்பெனியாரைக் குற்றம் சாட்டுவேன்?

1836-இல் எடுக்கப்பட்ட குடிக்கணக்கின்படி, திருவிதாங்கூரில் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள். அவர்களில் 1 இலட்சத்து 65 ஆயிரம் பேர் அடிமைகள். எட்டுப் பேரில் ஒருவர். அரசே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தது. 1855-இல்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. அந்த அடிமை கையில் உள்ள மண்வெட்டியை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! இன்னும் ஓரடி ஆழம் வெட்டினால் விளைச்சல் பெருகும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன? பெருகியது யாருக்குப் போகும் என்பதும் அவனுக்குத் தெரியுமே! அறிவில்லாமல் அல்ல, அறிவு இருந்ததால்தான் அவன் வெட்டவில்லை.

பள்ளத்தில் நெல் என்றால், மேட்டில் பனை. பனை ஏறுவோர்க்கு அடிமை ஓலை எழுதப்படவில்லை. வேறு வழி கண்டிருந்தனர் ஆண்டோர். தலைக்கு வரி. ஏறும் ஏணிக்கு வரி. ஏணிக்காணம் என்று அதற்குப் பெயரும் உண்டு. வருவாய்க்குத்தான் வரி என்பது நாமறிந்த நீதி. அங்கோ, வருவாயைத் தேடும் கருவிக்கே வரி! உழைப்பாளி இரண்டாவது ஏணி வாங்கினால், பதநீர் இரண்டு பானை கூடுவதற்கு முன்னே வரி கூடிவிடும். ஆகவே அவன் இரண்டாவது ஏணி வாங்கமாட்டான். வாங்காதவனை, முன்னேற்றத்தில் நாட்டமில்லாதவன் என்று ஏட்டில் எழுதிவிடலாம். இதற்கு மேலே ஊழியம் வேறு. அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் சுமை சுமக்க வேண்டும். தன் மரத்தில் பாளை கட்டியிருக்கும் நாளில், ஊரார் சுமைக்கு அழைப்பு வரும். போகாவிட்டால் அடி.

1865-இல் நூற்றுக்கு மேற்பட்ட சில்லறை வரிகள் ஒரே ஆணையால் நீக்கப்பட்டன என்று வரலாறு பெருமையோடு கூறும். நீக்கியவர்களைப் பாராட்டுவோம். நீக்குவதற்கு நூற்றுக்கு மேல் இருந்தனவே, அவற்றை விதித்தவர்களை என்னென்பது?

சாலையும் அப்படித்தான். வண்டி செல்லும், மாடு செல்லும், மனிதரில் சிலர் செல்லக்கூடாது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் அறப்போர் தொடங்க வேண்டியிருந்தது. 1936-இல் வந்த ஆலய நுழைவு ஆணைக்குப் பின்னரே கதவுகள் திறந்தன. இதனை மானப் பிரச்சினை என்று மட்டும் நாம் பேசிவந்தோம். அது வயிற்றுப் பிரச்சினையுங்கூட. நேர்வழியில் நடக்க இயலாதவன் சந்தைக்குக் கடைசியாகப் போய்ச் சேருவான். கடைசியாக வந்தவன், கிடைத்த விலைக்கு விற்றுத் திரும்புவான். தோள்சீலைக் கலகம் என்று நாம் படிக்கிறோமே, மேலாடை அணிந்ததற்காகக் கடைத்தெருவில் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்ட கொடுமை, அது நடந்த நாட்களில் எந்தப் பெண் தன் கருப்புக்கட்டியைச் சந்தைக்குத் துணிந்து எடுத்து வந்திருப்பாள்? 1859 சூலை 26-ஆம் நாள் அரசாணை வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்டிர் உடுப்பது போல் உடுத்தலாகாது என்றொரு வால் ஒட்டியிருந்தது.

பிறரைச் சொல்லிக்கொண்டே போகிறேனே, எங்கள் குடும்பம் என்ன வாழ்ந்தது? மருமக்கள் வழி என்ற முறை நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இருந்தது. ஒருவனது சொத்து அவன் மக்களுக்கன்று, உடன்பிறந்தாள் மக்களுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று சிறு பங்கு கிட்டும். அதற்கும் வழக்கு நடக்கும். தாய்வழியில் சொத்துச் செல்வது தீது என்று நான் கூறவில்லை. உழைத்தவன் ஒருவனும் உண்பவன் வேறொருவனுமாக இருந்ததே தீது. பாட்டா கதை கதையாகக் கூறுவார்: தென்னை நட்டால் நாளை மருமகன் பறிப்பான் என்று நடாத தந்தை, காரணவர் கண்மூடுவதற்காகக் கணக்கெடுத்துக் காத்திருந்த மருமகன், இருவருக்கும் இடையே நாகர்கோவில் வழக்கறிஞர். நெல் விளைந்த வயல் வழக்கு விளைந்த வயலாயிற்று. அதனைத்தான் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று நகைக்க நகைக்க எழுதினார். 1926-இல் சட்டம் வந்து அம்முறை மாறிற்று. "பங்கு பிரிஞ்ச மறுவருசமே கிணறு தோண்டினேன்" என்பார் பாட்டா. ஏன் அதற்கு முன்னே தோண்டவில்லை என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. வரம் என்று சொன்ன அதே வாய்தான்! தன் கிணற்றுக்குக் காரணம் சட்டம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சேரியில் பத்தாயம் இல்லாமைக்கும் காரணம் சட்டமாக இருக்கலாம் என்பது மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவருக்குத் தேவை இருக்கவில்லை என்பதே பொருத்தம்.

இருட்டில் ஒரு ஊசியின் மினுக்கமும் இங்குண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி, பெண்கள் விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு சேர்த்துப் பின்னல் வேலையும் கற்றுக்கொடுத்தார். மதம் பரப்ப வந்தவர். அதில் நமக்கு வேறு கருத்து உண்டு. ஆனால் அந்தப் பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தனர். நூலைக் கோத்துக் கோத்துப் பின்னிய லேசு கடல் கடந்து விலைபோயிற்று. வந்த கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விலையைத் தாமே செலுத்தி விடுதலை பெற்ற பெண்கள் உண்டு. அதே வெயில், அதே மண், அதே சாதி, அதே கை. மாறியவை இரண்டே: கைக்கு ஒரு தொழில் தெரிந்தது, கூலி கைக்கே வந்தது. விதி எனப்பட்டது ஓர் ஊசிமுனைக்கு முன் நிற்கவில்லை!

இதையே உலகளவில் ஆராய்ந்த மூவருக்கு, அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் என்போருக்கு, 2024-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிலர் பறிக்கப் பலர் இழக்கும்படி அமைந்த நாடு வறுமையில் தேங்கும். உழைப்போர்க்கு உடைமையும் உரிமையும் குரலும் உள்ள நாடு வளரும் என்பது அவர்கள் ஆய்வின் சாரம். கொரியாவைக் காட்டுவர்: ஒரே இனம், ஒரே மொழி, 1945-க்குப் பின் இரண்டாகப் பிளந்தது, தெற்கு தொழில் வளத்தில் சிறக்க, வடக்கு பஞ்சத்தையும் கண்டது. காங்கோவில் ரப்பர் இருந்தது, செம்பு இருந்தது. லியோபோல்டு மன்னனின் கொடுமையில் அந்த வளமே மக்கட்குச் சாபமாயிற்று. நான் அவர்கள் ஆய்வைப் படித்தபோது கொரியா வரை போகவில்லை, ஏணிக்காணத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இதை இரண்டாம் முறை வயலுக்குப் போனபோது மருமகனிடம் விரித்துரைத்தேன். கேட்டுக்கொண்டவன், விடவில்லை. "அதெல்லாம் போயாச்சே மாமா. வரி இல்லே, அடிமை இல்லே. படிப்பிலே நம்ம மாவட்டந்தானே தமிழ்நாட்டிலே முதல்? பின்னேயும் ஏன் போறோம்?"

நேர்மையான கேள்வி. 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிந்தவர்கள், மாநிலத்தில் முதலிடம். மயிலாடியில் 1809-இல் தொடங்கிய பள்ளி முதல், ஊருக்கு ஊர் எழுந்த பள்ளிகள் வரை தந்த கனி அது. பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. 1956 நவம்பர் முதல் நாள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். இத்தனைக்குப் பின்னும் படித்த பிள்ளை பெட்டி கட்டுகிறான்.

அவனை மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மணல் கறுத்துக் கிடக்கும். தலைமுறை தலைமுறையாக நம் மீனவர் அதன் மேல் வலை உலர்த்தினர். நாம் கால் நனைத்தோம். 1909-இல் சோம்பெர்க் என்ற செருமானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதிலே மோனசைட்டு இருக்கக் கண்டார். அதிலிருந்து எடுக்கும் தோரியம், ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளுக்கு வெண்ணொளி தரும் வலைக்குத் தேவையாக இருந்தது. நம் வீட்டில் மண்ணெண்ணெய்ச் சிமினி புகைந்துகொண்டிருக்க, நம் மணல் அவர்கள் தெருவில் ஒளிவிட்டது! கயிறு விற்றவன் நாம். கயிற்றில் ஒட்டியதைப் படித்தவன் அவன். 1950-இல் இந்திய அரசே அருமணல் நிறுவனத்தை ஏற்படுத்தியது. இன்றோ, அதே மோனசைட்டில் உள்ள நியோடிமியம் மின்வண்டிக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தமாகிறது. அதனைப் பிரித்துக் காந்தமாக்கும் கலையில் சீனம் முன்னே நிற்கிறது. மணல் நம்முடையது என்பதால் வாங்கும் விலையில் நமக்குத் தள்ளுபடி கிடையாது.

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக் குறுக்கிட்டார். "மண்ணு அவங்களுக்கு, கடலரிப்பும் நோயும் எங்களுக்கு. இதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். உடைமை, உரிமை, குரல் என்ற மூன்றில் அவருக்கு எது எட்டியிருக்கிறது என்பதை வாசகர் எண்ணட்டும்.

திரும்பும் வழியில் மருமகன், "நம்ம வயலுக்கு அடுத்த வயல் நம்மளதுதானே, அதிலே என்ன கல்லு நட்டிருக்கு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

1986-இல் எங்கள் வயலில் அறுப்பு. ஆள் குறைவு. எங்களிடம் வழிவழியாக வேலை செய்த ஒருவரிடம், "பையனையும் கூட்டிட்டு வா, கட்டு சுமக்கட்டும்" என்றேன். பையனுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாவது வகுப்பு. நான் அப்போதே பகுத்தறிவுக் கூட்டங்களில் பேசுபவன், கல்வியின் மேன்மை பற்றித்தான்! அவர் தலையைச் சொறிந்தபடி, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "அவன் பள்ளிக்கூடம் போட்டும் ஐயா. நான் ரெண்டு நாளு கூட வாறேன்." கூட வந்தார். அந்த இரண்டு நாளுக்குக் கூலி கொடுத்தேனா என்று நினைவில்லை. நினைவில்லை என்பதே விடை என்று அஞ்சுகிறேன்.

பையன் தொழிற்பயிற்சி முடித்து மஸ்கட் சென்றான். 2004-இல் ஊர் திரும்பினான். கையில் பணம் இருந்தது. எங்கள் அடுத்த வயல், 40 சென்ட், விலைக்கு இருக்கிறதென்று கேட்டு வீட்டுக்கே வந்தான். வீடு கட்ட அல்ல, விதைக்க. பம்பு போட வேண்டும், வரப்போரம் வாழை வைக்க வேண்டும் என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. முற்றத்தில் நின்றே பேசினான். நாற்காலியை நான் காட்டவில்லை. அன்றிரவு வீட்டில் கூடிப் பேசினார்கள். "அவங்க அப்பன் குனிஞ்சு அறுத்த வயலிலே அவன் நிமிந்து நிப்பானா?" என்றார் மூத்தவர் ஒருவர். நாகர்கோவிலிலிருந்து வந்த மனைத் தரகருக்கு விற்பதென்று முடிவாயிற்று. நான் எதிர்த்து ஒரு சொல் சொன்னேன்; இரண்டாவது சொல் சொல்லவில்லை. பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. மனைகள் இன்றுவரை முழுவதும் விற்கவில்லை. எல்லைக் கற்கள் நிற்கின்றன; இடையிலே கோரை.

மருமகன் நடையை நிறுத்தினான்.

"தரகர் கூடக் கொடுத்தாரா மாமா?"

"இல்லே மக்கா. குறைவுதான்."

"எவ்வளவு குறைவு?"

"சென்டுக்கு ரெண்டாயிரம்."

அவன் கணக்கில் வல்லவன். நாற்பதால் பெருக்க அவனுக்கு நேரம் ஆகவில்லை. என் முகத்தைப் பாராமல், வரப்பில் முன்னே நடந்தான்.